நாங்களே போட்ட ஸ்பீடு பிரேக்கர்ல ஒருத்தர் விழுந்துட்டாரு, இப்ப எங்க மேலயே கேஸா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்க ஊர் வழியா மாநில நெடுஞ்சாலை ஒண்ணு போகுது. பள்ளிக்கூடத்துக்கு பக்கத்துல ஒரு வளைவு, ரோட்ட அகலப்படுத்தினதுல இருந்து வண்டியெல்லாம் பறக்குது. ஒன்றரை வருஷத்துல ஏழெட்டு விபத்து. போன தை மாசம் எங்க பெரியப்பா சைக்கிள்ல போகும்போது ஒரு லாரி அடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு, அங்கயே உயிர் போயிடுச்சு, எந்த லாரினு இன்னி வரைக்கும் தெரியல. ஹைவேஸ் ஆபீஸுக்கு நாலஞ்சு தடவ நேர்ல போய் சொன்னோம், பாக்கறோம்னாங்க. கடைசியில நாங்க பசங்க சேர்ந்து மண்ணும் ஜல்லியும் கொட்டி ரெண்டு இடத்துல ஸ்பீடு பிரேக்கர் போட்டோம். ஒம்பதாவது நாள் ராத்திரி பைக்ல வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் அதுல ஏறி விழுந்து கை எலும்பு முறிஞ்சு போச்சு. இப்ப எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் ஸ்டேஷன்ல இருந்து நோட்டீஸ். ஊருக்கு நல்லது பண்ணதுக்கு கேஸா? ரோட்ட இப்படி வெச்சிருக்கவங்க மேல கேஸ் போட முடியாதா? அந்த மேட்ட ராத்திரியோட ராத்திரியா வழிச்சு எடுத்துடலாமா?

பதில்: தம்பி, கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுதான் அவசரம். ராத்திரியோட ராத்திரியா எடுக்காதீங்க. அப்படியே விட்டும் வெக்காதீங்க. கேஸ் பதிவான பிறகு நீங்களா வழிச்சு எடுத்தா சாட்சியத்த அழிச்சாங்கனு இன்னொரு பிரிவு சேரும், விட்டு வெச்சா நாளைக்கு இன்னொருத்தர் விழுவாரு, அவருக்கு கையோட போகும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள மேட்ட நாலு பக்கமும் போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு டேப் வெச்சு உயரம் அகலம் தெரியற மாதிரி எடுங்க, அப்புறம் இன்ஸ்பெக்டருக்கும் ஹைவேஸ் உதவிப் பொறியாளருக்கும் ஒரு பக்கம் லெட்டர், 'இந்த இடத்துல மேடு இருக்கு, ஆபத்தா இருக்கு, உங்க முன்னிலையில அகற்ற வேண்டுகிறோம்'னு, அவ்வளவுதான், நாங்க போட்டோம் நீங்க போட்டீங்கங்கற கதையெல்லாம் அதுல வேண்டாம். அவங்க வந்து எடுக்கற வரைக்கும் ரெண்டு பக்கமும் தூரத்துலயே தெரியற மாதிரி டிரம்மோ விளக்கோ வெச்சு ரெண்டு பேர் மாத்தி மாத்தி நில்லுங்க. ஊருக்கு நல்லது பண்ணணும்னு கிளம்பினவங்கதானே, இந்த ராத்திரிக்கு அதப் பண்ணுங்க.

இப்ப கேஸ். உங்களுக்கு வருத்தமா இருக்கும், ஆனா போட முடியும், போட்டது சட்டப்படி தப்பும் இல்ல. பொதுவழியில ஆபத்தோ தடையோ உண்டாக்கினா பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம், அதுல 285வது பிரிவு, 5,000 ரூபா வரைக்கும் அபராதம். அது பெரிய விஷயம் இல்ல. பெரிசு 125. கவனக்குறைவான செயலால ஒருத்தருக்கு கொடுங்காயம் ஏற்பட்டா 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 10,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். எலும்பு முறிஞ்சாலே சட்டத்து கண்ணுல அது கொடுங்காயம்தான், சின்ன கிராக்குனு வாதம் பண்ண முடியாது. அவரு இறந்திருந்தா 106, 5 வருஷம் வரைக்கும். நல்ல எண்ணத்துல பண்ணோம்ங்கறது தண்டனைய குறைக்க சொல்லலாமே தவிர, கவனக்குறைவு இல்லனு நிரூபிக்க உதவாது. கோர்ட்டு கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணு, இருட்டுல வர்ற ஒருத்தனுக்கு அங்க மேடு இருக்குனு தெரிய என்ன பண்ணி வெச்சிருந்தீங்க? போர்டு உண்டா, பெயின்ட் உண்டா?

ஸ்பீடு பிரேக்கர்ங்கறது மண்ணக் கொட்டற வேலை இல்ல தம்பி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இதுக்கு அளவே போட்டு வெச்சிருக்கு, 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி இறங்கற மாதிரி வில்லு வளைவு, மேல கருப்பு வெள்ளை பட்டை, முன்னாடியே எச்சரிக்கை போர்டு. 3.7 மீட்டர்னா ஒரு ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, அந்த அளவுக்கு படுத்தாப்புல இருக்கணும். நம்ம ஊர்கள்ல போடறது ஒரு அடி அகலத்துல முக்கால் அடி உயரம், அது தடை இல்ல, சுவரு. வேகமா வர்றவன் அதுக்கு முன்னாடி பிரேக் அடிச்சு பின்னாடி வர்றவன் மோதறது தனி.

நோட்டீஸ எடுத்து எந்த பிரிவுனு பாருங்க. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது போலீஸும் கோர்ட்டும் எப்படி நடக்கணும்னு சொல்ற சட்டம், அதுல 35(3)ல வந்திருந்தா சந்தேக நபரா உங்கள கூப்பிடறாங்க, 179ல வந்திருந்தா சாட்சியா. ரெண்டுமே வித்தியாசம். 35(3)ல கூப்பிட்டு நீங்க ஒழுங்கா ஆஜரானா சாதாரணமா கைது பண்ணக்கூடாது, அப்படியே பண்ணணும்னாலும் காரணத்த எழுதி வெக்கணும், போகாம டிமிக்கி குடுத்தா அந்த பாதுகாப்பு போயிடும். 125 ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்தான், பயப்படாம போங்க, ஒரு வக்கீல கூட்டிட்டு போங்க. விசாரணையில நீங்க சொல்றத அவங்க எழுதிக்கலாம், ஆனா அதுல கையெழுத்து வாங்கக்கூடாதுனு சட்டமே (181) சொல்லுது. வெத்து பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வந்து என்கிட்ட அழறவங்க மாசத்துக்கு ரெண்டு பேராவது இருக்காங்க. மூணு பேருக்கு நோட்டீஸ் வந்தா ஒருத்தன் தலையில கட்டிடலாம்னு ஊர்ல பெரியவங்க யோசனை சொல்வாங்க, கேக்காதீங்க, அதுவும் அந்த ஒருத்தன் டிஎன்பிஎஸ்சியோ போலீஸ் செலக்‌ஷனோ எழுதறவனா இருந்தா வாழ்க்கையே மாட்டிக்கும்.

கேஸ விட முக்கியம் விழுந்தவர போய் பாருங்க. விபத்துல அடிபட்டவங்களுக்கு தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், மத்திய அரசோட 2025ம் வருஷ திட்டத்துல 7 நாள் வரைக்கும் 1.5 லட்சம் வரைக்கும் பணம் கட்டாம சிகிச்சை உண்டு, ரெண்டும் பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரியில. அவருக்கு அது கிடைச்சுதானு விசாரிங்க, கிடைக்கலைனா செலவுல பங்கு எடுத்துக்கோங்க. இதப் பண்ணா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேனு கேப்பீங்க. மனுஷன பாக்க போறது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, எழுதிக் குடுக்காம இருங்க போதும். இந்த மாதிரி வழக்க காயப்பட்டவரோட சமாதானமா முடிச்சுக்க சட்டத்துல வழி இருக்கு, அந்த வழி அவரு வீட்டு வாசல்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

சரி, ரோட்ட அப்படி வெச்சிருக்கவங்க மேல கேஸ் போட முடியாதானு கேட்டீங்க. முடியும். ஆனா நீங்க இதுவரைக்கும் பண்ணதுல ஒரு ஓட்டை இருக்கு, அதுதான் இந்த பதில்லயே பெரிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 198ஏனு ஒரு பிரிவு வந்துச்சு. ரோடு டிசைன், கட்டுமானம், பராமரிப்பு தரத்துல தவறினதால உயிரோ உறுப்போ போனா, பொறுப்புல இருக்கற அதிகாரி அமைப்பு, காண்ட்ராக்டர், கன்சல்டன்ட் எல்லாருக்கும் 1 லட்சம் வரைக்கும் அபராதம். ஒரு உயிருக்கு ஒரு லட்சம்தானானு நீங்க கேக்கறது எனக்கே கேக்குது, அந்த காசும் குடும்பத்துக்கு வராது, அரசு நிதிக்கு போகும். ஆனா அந்த பிரிவுல கோர்ட்டு எதையெல்லாம் பாக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஒண்ணு, ரோடு ஆபத்தா இருக்குனு அந்த அதிகாரிக்கு தெரியுமா, தெரிஞ்சிருக்க வேண்டியதுதானாங்கறது. நாலஞ்சு தடவ நேர்ல போய் சொன்னோம்ங்கறீங்க. எங்க ரசீது? வாயால சொன்னது அந்த ஆபீஸ் ஃபேன் காத்துல போயிடுச்சு தம்பி. அதே விஷயத்த ஒரு பேப்பர்ல எழுதி ஒப்புகையோட பதிவுத் தபால்ல அனுப்பியிருந்தா, அந்த தேதியில இருந்து 'எங்களுக்கு தெரியாது'னு யாரும் சொல்ல முடியாது. உங்க பெரியப்பா இறந்தது அந்த லெட்டருக்கு அப்புறமா இருந்திருந்தா கேஸோட பலமே வேற.

அதே மாதிரி இன்னொண்ணு. ஏழெட்டு விபத்துங்கறீங்க, எத்தனைக்கு எஃப்ஐஆர் இருக்கு? ஊர்ல உக்காந்து பேசி, இவரு இவ்வளவு குடுக்கணும்னு முடிச்சதெல்லாம் சர்க்கார் கணக்குல நடக்கவே இல்ல. விபத்து நடந்த இடத்துல இருந்தே போலீஸ் விவரத்த ஏத்தற மாதிரி ஒரு டேட்டாபேஸ் இருக்கு, சென்னை ஐஐடி சேர்ந்து பண்ணது, அதுல புள்ளி விழுந்தாதான் அந்த வளைவு அதிகாரிங்க மேப்ல தெரியும். தேசிய நெடுஞ்சாலையில கரும்புள்ளி, அதாவது விபத்து அடிக்கடி நடக்கற இடம்னு சொல்ல மத்திய அமைச்சகம் வெச்சிருக்கற அளவே, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள்ள 3 வருஷத்துல உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்து, இல்ல 10 சாவு. எண்ணிக்கைதான் எல்லாம். நாம பேசி முடிக்கற ஒவ்வொரு கேஸும் அந்த எண்ணிக்கையில இருந்து ஒண்ண அழிக்குது.

அதனால இப்ப இருந்து எல்லாம் பேப்பர்ல. முதல்ல மைல்கல் கலர பாத்து ரோடு யாரோடதுனு உறுதி பண்ணுங்க, பச்சைனா மாநில நெடுஞ்சாலை, மஞ்சள்னா தேசியம், தப்பான ஆபீஸுக்கு மனு போனா ஆறு மாசம் வீண். ஸ்டேஷனுக்கு ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, 10 ரூபா, கடைசி மூணு வருஷத்துல இந்த இடத்துல பதிவான விபத்து எத்தனை, ஹைவேஸுக்கு இன்னொண்ணு, ரோட்ட அகலப்படுத்தின பிறகு பாதுகாப்புத் தணிக்கை நடந்துதா, அறிக்கை நகல் குடுங்கனு. 30 நாள்ல பதில் குடுக்கணும். அடுத்து வர்ற கிராம சபையில தீர்மானம் போடுங்க, ஆவேசமா பேசிட்டு கலைஞ்சா போதாது, தீர்மானப் புத்தகத்துல ஏறணும், நகல் வாங்கணும். அத வெச்சு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு. அவருக்கு ஏன்னா மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு தலைவரே அவருதான். கோயமுத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்குல சுப்ரீம் கோர்ட்டு 2017 நவம்பர்ல மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த குழு இருக்கணும்னு சொல்லிடுச்சு, அந்த குழு கூட்டத்துல உங்க வளைவு அஜெண்டாவுல வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

மனுவுல ஸ்பீடு பிரேக்கர் வேணும்னு மட்டும் எழுதாதீங்க. மாநில நெடுஞ்சாலையில அது சரிப்படாதுனு ஒரே வரியில நிராகரிச்சுடுவாங்க. என்ன ஆபத்துனு எழுதுங்க: வளைவுல எதிர்ல வர்றது தெரியல, பிள்ளைங்க எந்த நேரத்துல எத்தனை பேர் குறுக்க போறாங்க, தெருவிளக்கு எங்க இல்ல. அப்புறம் வேகக் குறைப்பு பட்டை, வளைவு அம்புக்குறி பலகை, பார்வைய மறைக்கற கருவேலம் இருந்தா வெட்டறது, ஊர் ரோடு வந்து சேர்ற இடத்துல அந்த சின்ன ரோட்டு மேல வேகத்தடை, மோட்டார் வாகனச் சட்டம் 112வது பிரிவுல வேக வரம்பு, இதுல எது சரியோ ஆய்வு பண்ணி செய்யுங்கனு கேளுங்க. கூடவே நம்ம பக்கத்தையும் பாத்துக்கோங்க, அந்த ரோட்டுலயே நெல்லு காயப் போடறது, பின்னாடி ரிஃப்ளெக்டர் இல்லாம டிராக்டர் டிரெய்லர நிறுத்தறது, இதையெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவோட வருவாரு, நான் அந்த பக்கம் இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்.

மனு குடுத்தும் அசையலைனா ஆர்டிஓகிட்ட, அதாவது வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, சுரக்ஷா சன்ஹிதா 152ல மனு போடலாம். பொதுமக்களுக்கு ஆபத்தா இருக்கறத இத்தனை நாளுக்குள்ள சரி பண்ணுனு உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்துல இது 133, இத வெச்சுதான் 1980ல ரத்லாம் நகராட்சி வழக்குல சாக்கடைய சரி பண்ண காசு இல்லனு சொன்ன நகராட்சிய சுப்ரீம் கோர்ட்டு, காசு இல்லங்கறது பதிலே இல்லனு அனுப்பிச்சுது. ஹைகோர்ட்டு ரிட் அதுக்கும் அடுத்தது. நேரா ரிட் போடலாம்னு சொல்ற வக்கீலும் இருப்பாங்க, என் அனுபவத்துல கையில மனுவும் ஒப்புகையும் இல்லாம போனா ஜட்ஜ் கேக்கற முதல் கேள்வியே 'ரெப்ரசன்டேஷன் குடுத்தீங்களா'தான்.

பெரியப்பா விஷயத்துல யாரும் உங்ககிட்ட சொல்லலனு நினைக்கிறேன். அடிச்ச வண்டி தெரியலைனாலும் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு, 2022ம் வருஷ ஹிட் அண்ட் ரன் திட்டத்துல இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசு விவரம் எடுத்துட்டு தாசில்தார் ஆபீஸ்ல கேளுங்க, லாரி தெரியலைங்கறதால கேஸ மூடிட்டோம்னு போலீஸ் அறிக்கை குடுத்திருந்தா அதையும் சேருங்க. ஒருவேளை லாரி கிடைச்சுட்டா விஷயம் மாறும், அப்ப விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துல மனு போடணும், விபத்து நடந்த நாள்ல இருந்து 6 மாசம்னு சட்டத்துல கெடு இருக்கு. தை மாசம்னு எழுதியிருக்கீங்க, காலண்டர எடுத்து எண்ணிப் பாருங்க. பெரியம்மாவுக்கு இந்த பேப்பர் வேலை தெரியாதுன்னா நீங்களே கூட்டிட்டு போங்க, ஸ்டேஷனுக்கு போற அதே நாள்ல எஃப்ஐஆர் நகலையும் கேட்டு வாங்கிடுங்க.