அமைதியான தண்ணீருக்கும் அலைக்கும் சேர்த்து முதல் சப் போர்டு எதை வாங்கலாம்?

முதல் சப் (SUP) போர்டு, அதாவது நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை, எதை வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உயரம் 5 அடி 9 அங்குலம் என்கிறீர்கள். சனி ஞாயிறில் முட்டுக்காட்டு உப்பங்கழியில் நின்றுகொண்டு துடுப்புப் போட வேண்டும், அப்புறம் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் அலையும் பிடிக்க வேண்டும், இரண்டு போர்டு வாங்க வீட்டில் இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை என்கிறீர்கள். எல்லாம் சரி. எடை எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே.

நானும் சொல்லவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய போர்டை விலை பேசும்போது விற்றவர் கேட்டார். "78" என்றேன். அன்றைக்கு நான் 88. அந்தப் பத்து கிலோ பொய்க்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் "மூன்றாவது முறை" என்று தொடங்கும் பத்திக்குப் போய்விடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, போர்டு விற்பவனும் இல்லை. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து முதுகு போன ஆள். நாற்பதைத் தாண்டியபின் ஏதாவது செய் என்று டாக்டர் சொன்னார். நடைப்பயிற்சி என்ற அர்த்தத்தில்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் இரவெல்லாம் வீடியோ பார்த்தேன். ஹவாயில் லேர்ட் ஹாமில்டன் கையில் துடுப்போடு மலை மாதிரி அலையில் இறங்குகிறார். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோது அலைக்கான போர்டுதான் வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

வாங்கியது 8 அடி 10 அங்குல நீளம், 29 அங்குல அகலம், 115 லிட்டர். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுப் பொறியாளரிடம் வாங்கினேன். அவர் மேல் தப்பே இல்லை. 78 கிலோ என்றதும் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாகரிகமான மனிதர்.

முட்டுக்காட்டில் முதல் நாள் காலை ஆறு மணிக்கு இறங்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. எழுந்தேன். போர்டின் மேல்பரப்பு தண்ணீருக்குள் போய், என் கணுக்கால் நனைந்தது. கால் கட்டைவிரல் இரண்டும் தன்னால் மடங்கி, அந்த ரப்பர் விரிப்பைப் பிறாண்டிக்கொண்டு நின்றன. இடுப்புக்குக் கீழே எல்லாம் தட்டச்சு இயந்திரம் மாதிரி ஆடியது. மூன்று எண்ணுவதற்குள் விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆழம் இடுப்பளவுதான், ஆனால் கீழே சேறும் உடைந்த சிப்பியும். குதிகாலில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்க்காத மாதிரியே பார்த்தார். கடைசியில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்து கேட்டார். "இன்னா சார், பலகை உன்ன தாங்குதா, நீ பலகைய தாங்குறியா?"

போர்டு வாங்குவது பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் எங்கும் படிக்கவில்லை. கணக்கு எளிது. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நான் 88, போர்டு 8, துடுப்பும் நனைந்த துணியும் சேர்த்து 2. ஆகமொத்தம் 98. 115-இல் மிச்சம் 17 லிட்டர். பதினேழு லிட்டர் மிதப்பை நம்பித்தான் ஒரு ஆள் தண்ணீருக்கு மேலே நிற்கிறான் என்றால் அவன் கோவளத்துச் சேகர் பச்சையாக இருக்க வேண்டும். சப் போட்டியில் தேசியப் பட்டம் வாங்கியவர் அவர், கதவைக் கழற்றிக் கொடுத்தாலும் ஓட்டுவார். அந்தக் குப்பத்துப் பையன்கள் நடக்கும்முன் கடலுக்குப் போனவர்கள். அவர்கள் கால் கீழே எந்தப் போர்டு இருக்கிறது என்று பார்த்து நாம் வாங்கக் கூடாது. முதல் போர்டுக்கு உங்கள் எடையைக் கிலோவில் எழுதி இரண்டால் பெருக்குங்கள். அதை ஒட்டின லிட்டர் இருந்தால்தான் நிற்கவே முடியும். பழகினபின் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, புத்தி வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. அடுத்து காற்றடைக்கும் போர்டு வாங்கினேன். 10 அடி 6 அங்குலம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். கொள்ளளவு கிட்டத்தட்ட 300 லிட்டர். முதல் நாளே நின்றேன். மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாலம்வரை போய் வந்தோம். கழிக்கு மட்டும் என்றால் அதைப்போல நல்ல பொருள் இல்லை. சுருட்டிப் பையில் போட்டு காரின் டிக்கியில் வைக்கலாம், லிஃப்டில் ஏற்றலாம்.

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அந்த முதல் போர்டை லிஃப்டில் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கையே விட்டார்கள். பெயர் போடாமல், "சில குடியிருப்பாளர்கள் படகு போன்ற பொருட்களை" என்று. படகாம்! எட்டுக் கிலோ. மாடிப்படி வழியாகத் தூக்கினால் சுவரில் பெயின்ட் உரிகிறதாம். கார் நிறுத்தும் இடத்தில் என் சொந்தத் தூணில் சாய்த்து வைத்தால் தீயணைப்பு விதி. அதே நிர்வாகி வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட வளைவு ஒரு மாதம் படிக்கட்டில் கிடந்தது, அதற்கு எந்த விதியும் இல்லை. மாதாமாதம் பராமரிப்புப் பணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. என் மச்சான் வேறு, வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மாமா, இஸ்திரி மேசை எங்கே?" என்பான். விடுங்கள். நீங்கள் வாடகை வீடா, சொந்த வீடா, எந்த மாடி என்பதும் போர்டுக் கேள்விதான் என்று சொல்ல வந்தேன்.

இப்போது அலைக்கு வருகிறேன். ஜூன் மாதம், கோவளம். தெற்கேயிருந்து நல்ல அலை வருகிற பருவம். இடுப்பு உயரம், சிலது மார்பு உயரம். கழியில் மூன்று மாதம் நின்ற தைரியத்தில் காற்றடைத்த போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கரையில் சர்ஃப் சொல்லித்தரும் பையன் ஒருவன், "அண்ணா, இது கழிக்குண்ணா. உள்ள கொண்டு போவாதீங்க" என்றான். நான் சிரித்துவிட்டுப் போனேன்.

அவன் ஏன் சொன்னான் என்று பிறகுதான் புரிந்தது. அலை போர்டின் பின்பக்கத்தைத் தூக்கும்போது மூக்கு கீழே பார்க்கும். மூக்கு நன்றாக மேல்நோக்கி வளைந்திருந்தால் வழுக்கி இறங்கும். என் போர்டில் அந்த வளைவு கொஞ்சம்தான். போதாததற்கு ஓரம் ஆறு அங்குல உருண்டை, அது தண்ணீரை அறுத்துப் பிடிக்காது. திருப்ப நினைத்தால் பக்கவாட்டில் சறுக்கும். மூக்கு உள்ளே போனது, போர்டு நடுவில் ஒரு கணம் மடங்கி, வில் மாதிரி நிமிர்ந்தது. நான் முன்னால் பறந்தேன். துடுப்பின் கைப்பிடி புருவத்தில் அடித்தது. நாலு தையல்.

தையலைப் பற்றிப் பரவாயில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் போர்டு வெள்ளை நுரையோடு கரையைப் பார்த்துப் போகிறது. போர்டையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிறு பத்தடி, போர்டு பத்தரை அடி. என்னைச் சுற்றி இருபது அடிக்கு அது எங்கு வேண்டுமானாலும் போகும். அந்த இருபது அடிக்குள் அன்றைக்கு வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி நின்றாள், பத்து வயது இருக்கும். அந்தப் பையன் அவளைத் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். போர்டு மேலே போனது. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காற்றடைக்கும் போர்டில் அலை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே குட்டையாக, ஓரம் கூராக வருவதும் உண்டு, மேலே பட்டாலும் கெட்டிப் போர்டு அளவுக்கு அடிபடாது என்று யாராவது சொல்ல வருவார்கள். தெரியும். நான் சொல்வது கடையில் முதலில் கண்ணில் படுகிற 10 அடி 6 அங்குலப் பொது வகையைப் பற்றி. புதிதாக வாங்குகிறவர் கையில் வருவது பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது முறை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தேன். கோவளத்தில் ஆறேழு காலை, ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு போர்டுப் பணம் மிச்சம். கடைசியில் என்னிடம் நின்றது கெட்டியான எபாக்ஸி போர்டு: 10 அடி 2 அங்குலம், 32 அங்குல அகலம், 175 லிட்டர். மூக்கு அகலமாக, கொஞ்சம் தூக்கியிருக்கும். வால் பக்கம் ஓரம் மெலிந்து கூராக வரும். அடியில் மீன் துடுப்பு மாதிரிப் பெரிய நடு ஃபின் ஒன்று, பக்கத்தில் சின்னது இரண்டு கழற்றி மாட்டலாம். கழிக்கு நடு ஃபின் மட்டும், அலைக்கு மூன்றும். இதில் கழியில் நேர்கோட்டில் போக 12 அடிப் போர்டு மாதிரி வராது, நாலு இழுப்புக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும். அலையில் 8 அடிப் போர்டு மாதிரி சுழலாது, லாரியைத் திருப்புவது போலத்தான். இரண்டிலும் நடுத்தரம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஒரே போர்டில் இரண்டும் முடியும், இந்த வகையில் முடியும். ஆனால் முதல் வருடத்தில் பத்து நாளில் எட்டு நாள் கழியில்தான் இருப்பீர்கள். அதனால் சந்தேகம் வந்தால் அகலத்தின் பக்கம் சாயுங்கள். வீட்டில் பத்தடி இடமே இல்லை என்றால் காற்றடைப்பதை வாங்கிக் கழியோடு வைத்துக்கொண்டு, அலைக்கு வாடகைப் போர்டு எடுங்கள். அது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மற்றவை சுருக்கமாக. போர்டில் பணத்தை எல்லாம் கொட்டிவிட்டுக் கனமான அலுமினியத் துடுப்போடு வராதீர்கள், ஒரு மணி நேரத்தில் தோள் போய்விடும். நீளம் மாற்றக்கூடிய துடுப்பாக வாங்குங்கள். கழிக்கு உங்கள் உயரத்தைவிட எட்டுப் பத்து அங்குலம் கூட, அலைக்கு இன்னும் இரண்டு மூன்று அங்குலம் குறைத்து. துடுப்பின் இலை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பார்த்தால் தலைகீழ் மாதிரி தோன்றும், ஆனால் அதுதான் சரி. நான் இரண்டு வாரம் திருப்பிப் பிடித்தேன். லீஷ் கழிக்குச் சுருள், அலைக்கு நேரான வகை. எதிலும் லீஷ் இல்லாமல் இறங்க வேண்டாம், உயிர்காப்புச் சட்டையும் வேண்டும்.

கெட்டிப் போர்டின் முதுகில் சின்னக் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலில் காரின் மேல் கட்டிப்போகும்போது உள்ளே காற்று விரிந்து மேல்தோல் உப்பும், அதனால் திறந்து வைப்பார்கள். தண்ணீரில் இறங்குமுன் மூட மறந்தால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் தண்ணீர் குடிக்கும். நான் மறந்தேன், எனவே எழுதுகிறேன்.

காற்று. இதைப் போர்டைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் பெரும்பாலும் கரைக்காற்று, கடலைப் பார்த்துத் தள்ளும். முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் நீர் வடியும் நேரமும் சேர்ந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முற்பகல் போகப் போகக் கடல்காற்று ஏறும். நின்றுகொண்டிருக்கும் மனிதன் ஒரு பாய்மரம்தான். எதிர்க்காற்றில் முட்டி போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். யார் பார்த்தால் என்ன. ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அலைக்குப் போகத் தொடங்கினால் இன்னொன்று. நின்றுகொண்டு இருப்பதால் அலை வருவது நமக்குத்தான் முதலில் தெரியும், துடுப்பு இருப்பதால் முதலில் பிடித்தும் விடுவோம். படுத்துக் காத்திருக்கும் சர்ஃபர்களுக்கு அதனால்தான் நம்மைக் கண்டால் ஆகாது, அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு அலையை விட்டுக்கொடுத்து மூன்றாவதை எடுங்கள். கூட்டமில்லாத ஓரமாக நில்லுங்கள். உங்களைச் சுற்றி இருபது அடி என்பதை மறக்காதீர்கள்.

அந்த 8 அடி 10 அங்குலப் போர்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மகளுக்கு இப்போது பதினாலு வயது, 46 கிலோ. 115 லிட்டர் அவளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். போன மாதம் அதில் ஏறி, விழாமல் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, "இதிலயாப்பா இருபது தடவை விழுந்தீங்க?" என்றாள். ஆகவே அது விற்பனைக்கு இல்லை. உங்கள் எடையைச் சொல்லுங்கள், அளவைச் சேர்ந்து பார்ப்போம். உண்மையான எடையை.