உலாவியில் ஒலித்தரவைப் படமாக வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: நான்கு நிமிடப் பாடலின் முழு அலைவடிவத்தையும் ஆயிரம் பிக்சல் அகலக் கேன்வாஸில் (வலைப்பக்கத்தில் படம் வரையும் பரப்பில்) வரைய வேண்டும். தரவை எப்படி எடுப்பது?

பதில்: உலாவியின் ஒலிக் கருவித்தொகுப்பான வெப் ஆடியோ ஏபிஐ போதும். கோப்பை அரேபஃபராக, அதாவது மூல பைட்டுகளாகப் பெற்று அதன் டிகோட்ஆடியோடேட்டாவிடம் கொடுத்தால், விரித்த ஒலித்தரவான ஆடியோபஃபர் கிடைக்கும். அதன் கெட்சேனல்டேட்டா, கேட்ட சேனலின் (இடது, வலது போன்ற ஒலித்தடத்தின்) சாம்பிள்களை, அதாவது ஒவ்வொரு கணத்திலும் அளந்த அலையின் உயரத்தை, பொதுவாக −1 முதல் 1 வரையிலான எண்களாக, ஃப்ளோட்32அரே என்ற எண்வரிசையில் தரும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் நான்கு நிமிடத்துக்கு 1,05,84,000. ஒரு பிக்சலின் பங்குக்கு 10,584. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தாண்டிச் செல்வதுதான் பலரும் செய்வது. அவ்வாறு செய்தால் கால் நொடிக்கு ஒரு சாம்பிளைத்தான் பார்க்கிறீர்கள். இடையில் விழுந்த டிரம் அடி படத்தில் வராது, கேன்வாஸின் அகலத்தைச் சற்றே மாற்றினாலும் வேறொரு பாடலைப் போன்ற படம் வரும். ஒவ்வொரு பிக்சலுக்கும் உரிய பகுதி முழுவதையும் பார்த்து, அதிலுள்ள மிகக் குறைந்த மதிப்புக்கும் மிக உயர்ந்த மதிப்புக்கும் இடையே செங்குத்துக் கோடு இழுங்கள்.

கேள்வி: அதற்குப் பதில் சராசரி எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே?

பதில்: இருக்காது. அலை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஊசலாடுவதால் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். உரத்த பாடலுக்கும் தட்டையான கோடுதான் கிடைக்கும்.

கேள்வி: முந்தைய கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. இக்காலப் பாடல்கள் பல உச்ச அளவை முட்டியே மாஸ்டர் செய்யப்படுகின்றன (வெளியீட்டுக்கு இறுதியாகத் தயாராகின்றன). உங்கள் முறையில் வரைந்தால் பாடல் முழுவதும் ஒரே செங்கல்லாகத் தெரிகிறது.

பதில்: நியாயமான மறுப்பு. உச்சங்கள் ஒலி எங்கே முட்டுகிறது என்பதைக் காட்டுமே தவிர, காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் காட்டா. அதற்கு ஒவ்வொரு சாம்பிளையும் வர்க்கப்படுத்திச் சராசரி கண்டு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, உச்சத்தை அடர்நீலத்திலும் இம்மதிப்பை வெளிர்நீலத்திலும் வரைகிறது, அதையே பின்பற்றுங்கள். ஆனால் வெறும் சராசரிக்கு இதில் இன்னமும் இடமில்லை.

கேள்வி: பாடும்போதே துள்ளும் பட்டைகள் வேண்டும்.

பதில்: அதற்கு, ஓடும் ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துத் தரும் அனலைசர்நோடு. ஒருமுறைக்கு அது பார்க்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையான எஃப்எஃப்டிசைஸ் இயல்பாக 2048; அதில் பாதியான 1024 பட்டைகள், 44,100 வீதத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ். பைட் வடிவில் −100 முதல் −30 டெசிபல் வரையிலான அளவே 0 முதல் 255 ஆக மாறுகிறது. ஆகவே உரத்த ஒலியில் பட்டைகள் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டால் மேல் எல்லையான மேக்ஸ்டெசிபல்ஸை உயர்த்துங்கள். இம்மதிப்புகளை வாங்கும் அரேயை (எண்வரிசையை) ஒருமுறை மட்டும் உருவாக்குங்கள். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக உருவாக்காதீர்கள்.

கேள்வி: அனலைசரின் அலைவடிவத்தை பைட்டுகளாகத் தரும் கெட்பைட்டைம்டொமைன்டேட்டா எப்போதும் 128 தருகிறது.

பதில்: சாம்பிளின் பூஜ்ஜியம் இங்கே 128 ஆகிறது, ஆகவே 128 என்றால் அமைதி. பயனர் கிளிக் செய்யும்வரை, ஒலி முழுவதையும் இயக்கும் ஆடியோகான்டெக்ஸ்ட் நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். கிளிக்கைக் கையாளும் நிரலுக்குள் அதன் ரெஸ்யூமை அழையுங்கள்.

கேள்வி: எனக்கும் 128தான். ரெஸ்யூம் அழைத்துவிட்டேன், பாடலும் வேறு தளத்திலிருந்து சரியாக இறங்குகிறது.

பதில்: அந்த வேறு தளம்தான் காரணம். ஆடியோ டேக்கில் கிராஸ்ஆரிஜின் பண்பும், பிற தளங்கள் தரவைப் படிக்கலாம் என்று சொல்லும் அனுமதி ஹெடர் அத்தளத்தின் சர்வரிலும் இல்லையென்றால் உலாவி வெறும் பூஜ்ஜியங்களையே தரும்.

கேள்வி: எனக்கும் 128 வருகிறது.

பதில்: மேலே உள்ள இரண்டு பதில்களையும் படியுங்கள்.

கேள்வி: ஒரே அரேபஃபரை இரண்டாம் முறை டிகோட் செய்தால் பிழை வருகிறது.

பதில்: முதல் டிகோடிலேயே அது உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. முன்னதாக ஸ்லைஸ் மூலம் நகல் எடுத்துவையுங்கள்.

கேள்வி: அனலைசரிலிருந்தே முழுப் பாடலின் அலைவடிவத்தையும் எடுக்கலாமா? ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிய அரேயில் சேர்த்துவருகிறேன்.

பதில்: அனலைசருக்குத் தெரிவது இந்தக் கணத்தின் ஒலி மட்டுமே. முதல் கேள்விக்குச் செல்லுங்கள். அந்தப் புதிய அரேயையும் நீக்குங்கள்.