கோணங்களின் பெயர் எல்லாம் தெரிகிறது, கணக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கேட்டது இது: "தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் இருக்கிறோம். பையன் ஏழாவது, தமிழ் வழி. ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம் எல்லாம் ஒப்பிக்கிறான், கணக்கு கொடுத்தால் முழிக்கிறான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே கணக்கு ஏறாதோ?"

முதலில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே 'பின்தங்கிய மாவட்டம்' என்று ஆரம்பிக்க வெளியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நாமும் சேர வேண்டாம். கயிறு பிடித்து மூலை பார்த்து மாங்கன்று நடுகிற ஊர்க்காரர்களுக்கு வடிவியல் ஏறாது என்றால் யார் நம்புவது?

ஒப்பிக்க வருகிறது, போட வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் குறுக்குவெட்டிப் பாடத்தில் (இரண்டு கோடுகளை இன்னொரு கோடு வெட்டும்போது வரும் கோணங்கள்) இருக்காது. அதற்கும் முன்னால், கோணம் என்றால் என்ன என்பதிலேயே இருக்கும். 3 செ.மீ. கதிர்களோடு (முனையிலிருந்து கிளம்பும் இரண்டு கோடுகள்) ஒரு 40° வரையுங்கள், பக்கத்தில் 10 செ.மீ. கதிர்களோடு இன்னொரு 40°. எது பெரியது என்று கேளுங்கள். இரண்டாவதைக் காட்டினால் அவன் நீளத்தைப் பார்க்கிறான். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கோணம், கதவின் அகலம் அல்ல. இது பிடிபடும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

பிறகு கோணமானி. பிளாஸ்டிக் கோணமானியில் 0° கோடு பெரும்பாலும் அடிவிளிம்பில் இருக்காது, சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கோட்டின்மேல் வைத்தால் அளவு தவறும். மையக் குறி முனையின்மேல், 0° கோடு ஒரு கதிரின்மேல் உட்கார வேண்டும். எந்த வரிசை எண்ணைப் படிப்பது? அந்தக் கதிர் எந்த வரிசையின் 0-இல் இருக்கிறதோ, அதை. அளப்பதற்கு முன்பே "செங்கோணத்தைவிடச் சிறியதா பெரியதா?" என்று சொல்ல வையுங்கள். 50° கோணத்தை 130° என்று எழுதும் தப்பு அப்போதே சிக்கிவிடும். கதிர் குட்டையாக இருந்தால் அளவுகோல் வைத்து நீட்டிக்கொள்ளலாம், கோணம் மாறாது. பென்சிலைச் சீவச் சொல்லுங்கள். மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு பாகை என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, மொட்டைப் பென்சில் கோடே ஒரு பாகையை விழுங்கிவிடும்.

பெயர்களில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு கோணங்கள் கூடி 90° வந்தால் நிரப்பு, 180° வந்தால் மிகை நிரப்பு. 'மிகை' என்றால் கூடுதல், குழம்ப இடமே இல்லை. ஆனால் 'ஒன்றுவிட்ட' என்றதும் சில பிள்ளைகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் ஞாபகம் வரும். இங்கே அது குறுக்குவெட்டிக்கு அந்தப் பக்கம் என்பதைக் குறிக்கிறது. ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குக் 'குத்தெதிர்' என்பது வெறும் சத்தம். இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, எதிரும் புதிருமாக இருப்பதைக் காட்டிவிட்டுப் பெயர் சொல்லுங்கள்.

இப்போது எட்டுக் கோணங்கள். இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி சாய்வாக வெட்டினால் எட்டும் இரண்டே அளவுதான், நாலு சிறியவை, நாலு பெரியவை. சிறியதும் சிறியதும் சமம், பெரியதும் பெரியதும் சமம், சிறியதும் பெரியதும் கூடினால் 180°. செங்குத்தாக வெட்டினால் எட்டுமே 90°. 'இது குறுக்குவழி, நிறுவல் அல்ல' என்று ஆசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், தெரிந்தேதான் சொல்கிறேன். தேர்வில் 'ஒத்த கோணங்கள் என்பதால்' என்று காரணம் எழுதத்தான் வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்ததும் சமமா, கூட்டுவதா என்று முடிவெடுக்க இது உதவும்.

அந்த முடிவில்தான் கணக்கே இருக்கிறது. பாடத்தில் எக்ஸ் என்று வருவதை 'அ' என்று எழுதுகிறேன். ஒரு கோணம் 3அ + 10, இன்னொன்று 5அ − 30. ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுமிடத்திலும் ஒரே நிலையில் இருப்பவை) என்றால் இரண்டும் சமம்: 2அ = 40, அ = 20, இரண்டும் 70°. அதே இரண்டும் குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்கள் (இணைகோடுகளுக்கு நடுவில் இருப்பவை) என்றால் கூட்டல் 180°: 8அ = 200, அ = 25, கோணங்கள் 85°, 95°. எண்கள் மாறவில்லை, இடம் மாறியது, விடையும் மாறிவிட்டது. இப்படி ஒரே எண்ணை இரண்டு இடத்தில் வைத்துப் பத்துக் கணக்கு போடச் சொல்லுங்கள்.

கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் ஒத்த கோணம் என்ற பெயர் இருக்கும், சமம் மட்டும் இருக்காது. குத்தெதிர்க் கோணத்துக்கு இணைகோடே தேவையில்லை. இரண்டு கோடு வெட்டினால் போதும், எப்போதும் சமம்: முதல் கோணமும் பக்கத்துக் கோணமும் 180°, அதே பக்கத்துக் கோணமும் எதிர்க் கோணமும் 180°. அவ்வளவுதான் நிறுவல்.

விற்கிற கைடுகள் பலவற்றில் இணைகோடு என்றால் படுக்கையாகவே வரைந்திருக்கும். தாளைச் சாய்த்துக் காட்டினால் பையன் திணறுவான். அதனால் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் போட வையுங்கள்.

தோப்பு இருந்தால் 3, 4, 5 காட்டுங்கள். மூலை முளையிலிருந்து ஒரு கயிற்றில் 3 மீட்டர், மற்றதில் 4 மீட்டர் குறித்தால், மூலை செங்கோணமாக இருக்கக் குறுக்கே சரியாக 5 வர வேண்டும். 5.1 வந்தால் மூலை சுமார் 92.4°. 10 செ.மீ. தானே என்று விட்டால், 100 மீட்டர் வரிசையின் கடைசிக் கன்று நாலு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

கடைசியாக, விலை குறைந்த ஜியாமெட்ரி பாக்ஸை நம்பாதீர்கள். அச்சு கோணலாக விழுந்த கோணமானிக்குப் பிள்ளை திட்டு வாங்குகிறது. ஒரு தாளை மடித்து, அந்த மடிப்பு தன்மேலேயே படியும்படி இன்னொரு முறை மடித்தால் அந்த மூலை 90°. அதில் கோணமானியை வைத்துப் பாருங்கள். மூலைமட்டத்தை (பெட்டியில் இருக்கும் முக்கோணம், செட் ஸ்கொயர்) ஒரு கோட்டின்மேல் வைத்துச் செங்குத்து வரைந்து, திருப்பிப் போட்டு அதே புள்ளியில் இன்னொன்று வரையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் அது கோணல், கடையில் மாற்றிக் கேளுங்கள்.