வெறும் மரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தாங்கள் முன்பு எழுதியதை நம்பி, நானும் மனைவியும் அங்கிருந்து வான்கூவர் வரை ரயிலில் சென்றோம். நான்கு இரவுகள். முதல் இரண்டு பகல்களில் மரமும் ஏரியும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதன்பின் ஒரு பகல் முழுக்கச் சமவெளி. ஜாஸ்பரில் மலைகள் தென்பட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. நயாகரா, பான்ஃப், லேக் லூயிஸ் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நின்று பார்க்க ஒரு பழைய கோயிலோ மண்டபமோ இல்லாத, வரலாறே இல்லாத நாட்டில் இயற்கைக் காட்சியைத் தவிர ஒரு பயணி எதைத்தான் பார்ப்பது? வரும் ஜூனில் மூன்று வாரம் மறுபடியும் போகிறோம். எங்கே போகலாம் என்று சொல்லுங்கள். மனைவிக்கு மூட்டுவலி, அதிகம் ஏறி இறங்க முடியாது.

தங்கள் வாசகர்,
மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அலுத்துப்போன அந்த இரண்டு பகல்களிலிருந்தே தொடங்குகிறேன். டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை 4,466 கிலோமீட்டர். அதில் வடக்கு ஒன்டாரியோவின் காட்டைக் கடப்பதற்கே ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகிறது. அந்தத் தண்டவாளத்தின் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சரக்கு ரயில் எதிரே வரும்போதெல்லாம் பயணி ரயில் ஒதுங்கி நிற்கும். நம்மூரில் கிராஸிங் என்று சொல்லி நிறுத்திவைப்பார்களே, அதேதான். அப்படி நின்ற ஒரு மாலையில், என் ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் ஒரு பாறை இருந்தது. இளஞ்சிவப்பு நிறம், அதன் மேல், சீப்பால் வாரியதைப் போல, ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்கள். பாறையின் வெடிப்பில் என் மணிக்கட்டளவு கூடப் பருமனில்லாத ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்று நின்றது. அதை இளங்கன்று என்றே நினைத்தேன். அந்த மண்ணில் அப்படிப்பட்ட மரத்துக்கு நூறு வயதும் இருக்கக்கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கீறல்கள் பனிப்படலம் போட்டவை. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நிலத்தை மூடியிருந்த பனி நகர்ந்தபோது, மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய், 250 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறையை வெளியே கிடத்திவிட்டது. நீர் வடிய வழியில்லாத பள்ளங்கள் ஏரிகளாயின. உழுவதற்கு மண் இல்லாததால் அங்கே பெரிய ஊர்கள் உருவாகவில்லை. ஊர் உருவாகாத இடத்தில் கல்மண்டபத்தை நாம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் ஜன்னல் வழியே கண்டதை வெற்றிடம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாட்டில் மனிதர்கள் ஏன் தெற்கு எல்லையை ஒட்டியே நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதற்கான காரணத்தையே இரண்டு நாள்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் காட்டிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். அனிஷினாபே, கிரீ என்ற பூர்வகுடி மக்கள் பூர்ச்ச மரப்பட்டையால் செய்த ஓடங்களில் ஏரிக்கு ஏரி போய்வந்தவர்கள். பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறவர்கள் கல்லை அடுக்கிவைத்துப் போவதில்லை. இருந்தும் சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரையில், அகாவா என்ற இடத்தில், நீருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையில் செங்காவியால் வரைந்திருக்கிறார்கள். ஓடம் ஒன்று; அதன் அருகே முதுகெங்கும் முள்ளும் தலையில் கொம்பும் உடைய மிஷிபேஷு என்ற நீர்ப்பூனை. ஏரியைக் கலக்குவதும் அடக்குவதும் அதுவே என்பது அவர்கள் நம்பிக்கை. ஏரிக்குள் சரிந்திறங்கும் ஈரப்பாறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலையில்லாத நாளில் மட்டுமே அதை நெருங்க முடியும். உங்கள் மனைவிக்கு ஆகாது. நீங்கள் மட்டும் போய்வாருங்கள். நான் அங்கே நின்றபோது என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்த அதே நீரின் மேல் ஓடத்தை நிறுத்தி ஒருவர் அந்தக் காவியைப் பூசியிருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்தது. எந்தக் கோயில் பிரகாரத்திலும் எனக்கு வரும் அதே சிலிர்ப்புதான் அது.

சமவெளியில் வரலாற்றைத் தேடினால், அடுத்தமுறை கல்கரியிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில், 'தலை நொறுங்கிய இடம்' என்று பொருள்படும் ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் என்ற செங்குத்துக் குன்றைப் பாருங்கள். பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களும் அவர்களுடைய முன்னோரும் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாகக் காட்டெருமை மந்தைகளை விரட்டிவந்து விழவைத்து வேட்டையாடிய குன்று அது. அடியில் எலும்புகள் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன. 1981-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மலைகளைப் பார்த்தபோது உயிர் வந்தது என்கிறீர்கள். அந்த மலைகளுக்குள் ரயில்பாதை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கனடாவின் முதல் கண்டம் கடக்கும் ரயில்பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் அடிக்கப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சிறிய கற்குவியல்தான் நினைவுச்சின்னம். வண்டியை நிறுத்தி இறங்கினால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தக் கணத்தின் புகழ்பெற்ற புகைப்படத்தில் கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள் நிற்கிறார்கள். ஃப்ரேசர் ஆற்று மலையிடுக்குகளில் பாறையை வெடிவைத்துப் பிளந்த 15,000-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களில் ஒருவரது முகம் கூட அதில் தெரியவில்லை. அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். பாதை முடிந்த அதே 1885-இல் நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் தலைவரி போடப்பட்டது. 1903-இல் அது 500 ஆனது. 1923-இல் வருகையே ஏறக்குறைய முற்றிலும் தடுக்கப்பட்டு, 1947 வரை அந்தச் சட்டம் நீடித்தது. கண்ணாடிக் கூரைப் பெட்டியில் உட்கார்ந்து அந்த மலையிடுக்கைப் பார்க்கும்போது இவர்களை நினைக்காமல் இருக்க எனக்கு முடிந்ததில்லை.

இனி ஜூன் மாதத்துக்கு வருகிறேன். மேற்கை ஒருமுறை பார்த்துவிட்டீர்கள். இம்முறை கிழக்கே, அட்லாண்டிக் கரைக்குப் போங்கள். மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். இரண்டு இடங்கள் போதும்.

முதலாவது நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ஹோப்வெல் ராக்ஸ் என்ற கடற்கரைப் பாறைகள். டொராண்டோவிலிருந்து மாங்க்டனுக்கு விமானம்; அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். உலகிலேயே மிக உயரமான கடல் ஏற்றம் அவை நிற்கும் ஃபண்டி விரிகுடாவில்தான். சில இடங்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வேறுபாடு. ஊஞ்சலை அது திரும்பும் கணம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு வீச்சிலும் உயரும் அல்லவா, அதுபோல அந்த விரிகுடாவில் நீர் ஊசலாடும் கால அளவும் பெருங்கடல் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதன், பன்னிரண்டரை மணி நேரச் சுற்றும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் இது நிகழ்கிறது. வற்றத்தின்போது நான் கடலின் தரையில் நடந்தேன். காலடியில் பழுப்புச் சேறு. தலைக்கு மேலே, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், பாறையிலிருந்து கடற்பாசி சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தின் மேல் சிறு படகுகள் மிதந்தன. யானைப் பாறை என்று பெயர் பெற்ற ஒன்று 2016 மார்ச்சில் பாதி சரிந்துவிட்டது. அது ஓயாமல் அரிபடும் கரை. கீழே இறங்க ஏறத்தாழ நூறு படிகள் உண்டு. மனைவியால் இயலாவிட்டால் மேலே உள்ள தளத்திலிருந்தே நன்றாகத் தெரியும். வற்றம், ஏற்றம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்படி, ஓத அட்டவணையைப் பார்த்தபின் அறை பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது நியூஃபவுண்ட்லாந்து. நம் நாட்டைப் போல அரை மணி நேரக் கணக்கில் கடிகாரம் ஓடும் தீவு. ஜூனில் கிரீன்லாந்துப் பக்கமிருந்து மிதந்துவரும் பனிப்பாறைகளையும், கரையோரத் தீவுகளில் கூடு கட்டும் பஃபின் பறவைகளையும் பார்க்கலாம். ஆனால் உங்களை அங்கே அனுப்ப எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. தீவின் தென்கிழக்கு முனையில் செயின்ட் ஷாட்ஸ் என்றொரு சின்னஞ்சிறு மீனவ ஊர் உள்ளது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, அதற்கு அப்பால் மூடுபனிக் கடலில், கப்பலொன்றிலிருந்து இறக்கிவிடப்பட்டு இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நாள்கணக்கில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை, கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றினார். மற்ற மீன்பிடிப் படகுகளும் கைகொடுத்தன. அரசு அவர்களை நாட்டில் தங்க அனுமதித்தது. ஆறே ஆண்டுகளில், 1992 ஜூலையில், காட் மீன் அழிந்துவந்ததால் அதைப் பிடிப்பதற்கு அரசு தடை விதிக்க, அந்தக் கரையோரங்களில் ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். நம்மவரைக் கரைசேர்த்த தொழிலே அப்படி முடங்கிப்போனதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. வரலாறு இல்லை என்று எழுதியிருந்தீர்கள்; உங்கள் மகன் வாழும் நகரத்தில் இன்று தமிழ் கேட்கிறது என்றால், அது வந்துசேர்ந்த வழிகளில் ஒன்று அந்த மூடுபனிக்குள் இருந்தது.

தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் கார் எடுத்துக்கொண்டால் காலையில் செயின்ட் ஷாட்ஸுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சாலை ஊர் வரைக்கும் போகிறது. ஏற வேண்டிய மலையோ படியோ இல்லை. ஜூனிலும் அங்கே மூடுபனி இறங்கும், காற்று பலமாக அடிக்கும். மனைவிக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் குல்லாவும் மறக்காமல் எடுத்துவையுங்கள்.

அன்புடன்