மங்கலான ஒளிர்வைப் பிடிக்கும் ஃபோட்டானிக் படிகம்: கேள்வி பதில்

ஃபோட்டானிக் படிகத்தை நாங்கள் எங்காவது பார்த்திருப்போமா, சார்?

ஒளியின் அலைநீளம் அளவிலான இடைவெளியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கிய பொருள்தான் ஃபோட்டானிக் படிகம். மயில் தோகையில் பார்த்திருப்பீர்கள். அதில் நீலச் சாயமே கிடையாது. மெலனின் என்ற கருநிறமியின் குச்சிகள் சீரான இடைவெளியில் அடுக்கி நிற்பதால் குறிப்பிட்ட நிறம் மட்டும் திரும்பி வருகிறது. 1987இல் இயற்பியலாளர்கள் யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் இந்தத் துறைக்குத் தனித்தனியாக அடித்தளம் போட்டார்கள்.

லேசர் பட்டதும் சாயம் உமிழும் மங்கலான ஒளிர்வை இது எப்படிக் கூட்டுகிறது?

இரண்டு வழியில். 400 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிவரியாகப் பள்ளம் போட்ட பிளாஸ்டிக், அதன்மேல் மெல்லிய டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கோணத்தில் விழும் லேசர் அந்தப் பூச்சுக்குள் சிக்கிச் சற்று நேரம் தங்குகிறது. பரப்பில் ஒளிப்புலம் பெருகுகிறது. அங்கே ஒட்டியிருக்கும் சாய மூலக்கூறுக்கு நல்ல தீனி. அப்புறம், நாலாபக்கமும் சிதறிப்போக வேண்டிய ஒளிர்வை அதே வரிகள் டிடெக்டர் பக்கம் திருப்பிவிடுகின்றன. சை-5 (Cy5) என்ற சிவப்பு ஒளிர்சாயம் என்றால் 633 நானோமீட்டரில் தூண்டல், 670 நானோமீட்டர் அருகே ஒளிர்வு. இரண்டுக்கும் ஒத்திசைவு (ஒளி வரிகளோடு பொருந்திச் சிக்கும் நிலை) அமைந்தால் இரு லாபமும் ஒன்றையொன்று பெருக்கும்.

லேசரின் சக்தியையே கூட்டிவிட்டால் என்ன?

பின்னணி வெளிச்சமும் கூடவே ஏறும். படிகத்தில் பெருக்கம் பரப்பை ஒட்டிய சில நூறு நானோமீட்டருக்குள்தான். சாயம் வெளுப்பது மட்டும் இதிலும் உண்டு. லேசரை அதிக நேரம் காட்டாதீர்கள்.

ஆக்சைடு பூச்சுக்குப் பதில் தங்கப் படலம் வைத்தால்?

உலோகத்தை மிக நெருங்கினால் ஒளிர்வு அணைந்துவிடும். எனக்கு ஆக்சைடுதான் பிடிக்கும்.

இப்படி வரிப் பள்ளம் போட்ட ஸ்லைடைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன், அண்ணா. பெரிய வித்தியாசம் இல்லையே?

பெரும்பாலும் கோணம்தான் காரணம். ஆப்ஜெக்டிவ் குவிக்கும் ஒளி பல கோணங்களில் வருகிறது. ஒத்திசைவுக்கு அதில் கொஞ்சம்தான் பொருந்தும். ஒளியை இணைக்கற்றையாக்கி (எல்லாக் கதிர்களும் ஒரே திசையில்), ஸ்லைடை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஊடுருவி வரும் லேசர் எந்தக் கோணத்தில் மங்குகிறதோ, அதுதான் உங்கள் இடம். ஒளியின் முனைவாக்கத்தையும் (அலை அதிரும் திசை) திருப்பிப் பார்க்க வேண்டும். காய்ந்த நிலையில் பிடித்த கோணம் தண்ணீரில் மாறிவிடும். ஒப்பிட, அதே ஸ்லைடில் வரி இல்லாத பகுதி ஒன்று இருக்கட்டும்.

பழைய டிவிடியை வைத்துச் செய்யலாமா?

நல்ல குறும்பு! டிவிடியின் தடங்களுக்கு இடையே 740 நானோமீட்டர், இடைவெளி அதிகம். ப்ளூ-ரே 320, பக்கத்தில் வருகிறது. ஆனால் உலோகப் படலத்தை உரித்துவிட்டு, ஒளிவிலகல் எண் அதிகமான பூச்சு கொடுத்தால்தான் ஒளி அதில் தங்கும்.