படத்தைக் காட்டினால் ‘சூப்பர் மேம்’ என்கிறார்கள்: உருப்படியான கருத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஒரு வருடத்துக்கு முன் செகண்ட்ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 50 எம்எம் லென்ஸும் வாங்கினேன். ஞாயிறு காலைகளில் காந்தி மார்க்கெட், காவிரிப் படித்துறை என்று சுற்றிப் படம் எடுக்கிறேன். வீட்டிலும் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் காட்டினால் எல்லோரும் ‘சூப்பர் மேம்’ என்கிறார்கள். ஒரு புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘கம்போசிஷன் வீக்’, அதாவது சட்டத்துக்குள் படம் அமைந்த விதம் சரியில்லை, என்றார் ஒருவர். ‘பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கியிருக்கலாம்’ என்றார் இன்னொருவர். ‘இடது பக்கம் க்ராப் பண்ணுங்க’, ‘காண்ட்ராஸ்ட் ஜாஸ்தி’ என்று மேலும் இரண்டு பேர். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆரம்பநிலையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் பயனுள்ள கருத்தை எங்கே, எப்படிப் பெறுவது?

பதில்: முதலில் உங்கள் படத்தைப் பார்த்துவிடுவோம். கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

வெங்காய மண்டியில் ஒருவர் மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். மூட்டை படத்தின் வலப்புறத்தில், கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இடது ஓரத்தில் அவருடைய கை. அந்தக் கையில் சாக்கைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி, பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பளபளக்கிறது. தலைக்குப் பின்னாலிருந்து இடது பக்கமாக ஒரு டியூப்லைட் நீட்டிக்கொண்டிருக்கிறது, அவர் தலையில் செருகியது போல. படத்திலேயே அதிக வெளிச்சமான இடம் அதுதான். கண் முதலில் அங்கே போகிறது, முகத்துக்கு வருகிறது, மறுபடியும் அங்கேயே போய்விடுகிறது. கொக்கியை நான் கவனித்தது மூன்றாவது முறை பார்க்கும்போதுதான்.

இப்போது உங்களுக்கு வந்த கருத்துகளை மறுபடி படித்துப் பாருங்கள். பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கச் சொன்னவரை உறுத்தியது அந்த டியூப்லைட்டின் பச்சை கலந்த வெள்ளை நிறம். இடது பக்கம் க்ராப் செய்யச் சொன்னவர் அதை வெட்டி எறிய நினைத்திருக்கிறார். காண்ட்ராஸ்ட் ஜாஸ்தி என்றவருக்கு அந்த வெளிச்சம் கூசியிருக்கிறது. மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். மூவரும் விரல் வைத்தது ஒரே இடத்தில்.

கருத்துகளை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பார்ப்பவருக்கு எங்கே உறுத்துகிறது என்பதில் அவர் பெரும்பாலும் தவறுவதில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்டியில் நின்றது நீங்கள், அவர் அல்ல. சொன்னபடி இடது பக்கம் க்ராப் செய்தால் டியூப்லைட்டோடு கொக்கியும் போய்விடும். படத்தில் இருப்பதிலேயே நல்ல விஷயம் அந்தக் கொக்கி. பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கினால் பச்சை போகும், வெளிச்சம் அப்படியே இருக்கும். நீங்கள் வலப்பக்கம் இரண்டடி நகர்ந்து நின்றிருந்தால் டியூப்லைட் மூட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்தான் செய்ய வேண்டும்.

‘கம்போசிஷன் வீக்’ என்றவரை விட்டுவிடலாமா? விட வேண்டாம், திருப்பிக் கேளுங்கள். “எந்த இடம் வீக்கா தெரியுது?” என்று ஒரே கேள்வி. உண்மையாகவே படத்தைப் பார்த்தவர் என்றால் இடத்தைச் சொல்வார். பார்க்காமல் போகிற போக்கில் எழுதியவர் பதில் போட மாட்டார். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்குத் தெளிவு கிடைத்துவிடும்.

யாருமே சொல்லாத ஒன்றும் உங்கள் படத்தில் இருக்கிறது. கையும் மூட்டையும் லேசாகக் கலங்கியிருக்கின்றன. ஷார்ப் இல்லாத படத்தை எல்லோரும் ‘அவுட் ஆஃப் ஃபோகஸ்’ என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கலங்கல் மூன்று வகை. முகம் மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. நிற்பதெல்லாம் கூர்மையாக இருந்து, நகர்வது மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. பின்னால் கடையில் தொங்கும் தராசு உங்கள் படத்தில் கத்தி மாதிரி இருக்கிறது. எனவே உங்களுடையது மூன்றாவது வகை.

ஃபைலில் பார்த்தேன்: ஷட்டர் 1/40 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 3.5 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்), வெளிச்சத்தை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600. மூட்டை தூக்குகிற வேகத்துக்கு 1/40 போதாது. உங்கள் லென்ஸில் எஃப் 2.8 வரை தாராளமாகத் திறக்கலாம். அதோடு ஐஎஸ்ஓவையும் 6400 ஆக்கினால் அதே வெளிச்சத்தில் 1/250 கிடைக்கும். புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வரும், வரட்டும். நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிய கையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரத்தில் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100-க்கு மேல் வேகம் போனால் சில படங்களில் பட்டைகள் விழலாம், வெளிச்சம் படத்துக்குப் படம் மாறலாம். உங்கள் கேமரா மெனுவில் ஃபிளிக்கர் ரிடக்‌ஷன் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

இதைக் குழுவில் ஒருவரும் சொல்லாததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய விதத்தில் அது அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களும் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் இரண்டும் அப்படியே போகும். ஆனால் மொபைலில் எடுத்த படத்தை அப்படி அனுப்பினால், லொகேஷன் ஆனில் இருக்கும் பட்சத்தில், எடுத்த இடமும் சேர்ந்து போகும். வீட்டில் குழந்தைகளை எடுத்த படங்களில் இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, கேட்கிற விதத்துக்கு வருவோம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்பது போலத்தான் அது, மரியாதைக்கு ஒரே பதில்தான் உண்டு. நான் ஆரம்பித்த நாட்களில் எண்பது படங்கள் கொண்ட ஆல்பத்தை ஒரு மூத்த புகைப்படக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டினார், “நல்லா பண்றீங்க” என்று திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு கனத்துப் போயிருந்தது. அடுத்த மாதம் ஆறே ஆறு படங்களோடு போனேன். முதல் படத்தைக் கையில் எடுத்தவர், “இதுல எதைப் பார்க்கச் சொல்றீங்க?” என்று கேட்டார். அந்த ஒரு படத்துக்கே முக்கால் மணி நேரம் ஆனது. எண்பதைப் பார்த்தவரும் ஆறைப் பார்த்தவரும் ஒரே ஆள்தான்.

அதனால் ஐந்தாறு படங்களுக்கு மேல் காட்டாதீர்கள். தலைப்பு, கதை எதுவும் சொல்லாமல் படத்தை நீட்டி, “இதுல முதல்ல என்ன தெரியுது? அப்புறம் கண் எங்கே போகுது?” என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை நீங்கள் பேசக் கூடாது. இது ரொம்பக் கஷ்டம். ‘அங்கே இடமே இல்ல சார்’, ‘அவர் நகர்ந்துட்டார்’ என்று வாய் வரைக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். படம் சுவரில் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கப் போவதில்லை. அவர் முடித்த பிறகு, நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று சொல்லுங்கள். “எனக்கு அந்தக் கொக்கிதான் முக்கியம்” என்று நீங்களும், “கொக்கியா, எங்கே?” என்று அவரும் சொன்னால், உங்களுக்கு வேண்டிய கருத்து கையில் வந்துவிட்டது.

முடிந்தால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கொண்டுபோங்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலின் 36 படங்களையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்டு கான்டாக்ட் ஷீட் போடுவார்கள். அதைப் பார்த்தால் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று தெரிந்துவிடும்: ஒரே இடத்தில் நின்று பத்துத் தடவை அமுக்கினாரா, சுற்றி நடந்தாரா, நல்ல நொடிக்கு முன்பே கேமராவை இறக்கிவிட்டாரா என்று. ஒரு படத்தைத் திருத்தினால் அந்த ஒரு படம்தான் சரியாகும். நடக்கிற பழக்கத்தைத் திருத்தினால் இனி எடுக்கப் போகும் படங்கள் எல்லாம் மாறும். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல கருத்துகளில் பெரும்பாலானவை நான் ஒதுக்கி வைத்த படங்களைப் பார்த்துச் சொன்னவை.

யாரிடம் காட்டுவது? புகைப்படச் சங்கங்கள் நம் ஊரில் புதிதல்ல. ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் 1857-இல் தொடங்கியது. சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் வார இறுதியில் சேர்ந்து நடந்து படம் எடுக்கின்றன. உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பக்கத்து கலர் லேபில் விசாரியுங்கள், அவர்களுக்குத்தான் எல்லோரையும் தெரியும். ஆனால் ‘சலூன்’ என்று சொல்லப்படும் புகைப்படப் போட்டிகளின் முடிவைக் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே படம் சில நொடிகள் திரையில் வரும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், கூட்டுத்தொகை போதுமென்றால் தேர்வு. ஏன் தேறவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேறாத படத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சங்கத்திலேயே ஒரு மூத்தவரிடம் போய் உட்காருவதுதான் பலன் தரும்.

கருத்துச் சொல்பவர் எந்த வகைப் படம் எடுப்பவர் என்றும் பாருங்கள். கல்யாணப் படம் எடுப்பவர், பறவைக்குக் குறுக்கே வரும் கிளையைத் துடைத்துவிடச் சொல்வார். அவர் வேலைக்கு அது சரி. அதே படத்தைப் போட்டியின் நேச்சர் பிரிவுக்கு அனுப்பினால் விதிமீறல். அங்கே க்ராப் செய்யலாம், எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. படம் எங்கே போகப் போகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

மொபைலில் காட்டுவதைவிட பிரிண்ட் போட்டுக் காட்டுவது எப்போதும் மேல். நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டுக்கு ஒரு காபி காசுகூட ஆகாது. ஆறையும் தரையில் பரப்பி வைத்தால், எதிரில் இருப்பவர் கை தானாகவே ஒன்றை எடுக்கும், ஒன்றை ஒதுக்கும். வாய் சொல்லாததை அந்தக் கை சொல்லிவிடும்.

கேமராவைப் பற்றி எதுவும் தெரியாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை கடற்கரைக் குப்பத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவரைப் படமெடுத்தேன். கை உயர்ந்து, நூல் வெயிலில் மின்ன, எனக்கு மிகவும் பிடித்த படம். இரண்டு வாரம் கழித்து பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தவர், “முடிச்சு போட்டப்புறம் எடுத்திருக்கே தம்பி. முடிச்சு விழும்போது கை இங்கே இருக்கும்” என்று நெஞ்சுக்குக் கிட்டே விரலை மடக்கி, நூலை இறுக்கிக் காட்டினார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்த நொடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு மார்க்கெட்டுக்குப் போகும்போது இந்தப் படத்தின் பிரிண்ட் ஒன்றை எடுத்துப் போங்கள். அதிகாலை லோடு இறங்கும் நேரத்தில் வேண்டாம், வேலை ஓய்ந்து டீ குடிக்கும் நேரத்தில் அந்த அண்ணனிடம் கொடுங்கள். பொதுவில் போடுவதற்கு அவர் சம்மதத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். அப்புறம் மூட்டை தோளுக்கு ஏறும்போது கொக்கி எந்த நொடியில் கழலும் என்று கேளுங்கள். அவர் செய்து காட்டும்போது டியூப்லைட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.