பயணங்களில் தங்கிய வாடகை வீடுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பாதையில், ஒரு காபித் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. கேள்வியைப் பார்த்ததுமே மனதில் வந்து நின்றது அதுதான். கொடைக்கானலிலும் மூணாறிலும் இதைவிட வசதியான வீடுகளில் தங்கியிருக்கிறேன். பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், மெத்தென்ற படுக்கை, எந்த நேரமும் வெந்நீர் என்று எல்லாம் இருந்தன. ஆனால் ஊர் திரும்பிய சில மாதங்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மறந்துபோனது. நாகலூர்ப் பாதை வீடு மட்டும் மறக்கவில்லை. அங்கே விருந்தாளிக்காக எதையும் ஜோடித்து வைக்கவில்லை. தோட்டம் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்; நாம் அதன் நடுவே தங்கியிருப்போம்.

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்பது காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஊர். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே நம் ஊரைத் தேடுவது, பகோடா பாயின்ட் காட்சிமுனை, சூடாக பஜ்ஜி; இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீடு வந்து சேர்ந்துவிடுவோம். மலையில் இரவு தங்குவது வெளியூர்க்காரர்கள் செய்யும் செலவு என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண்ணம். சென்னையிலிருந்து வந்த சித்தி குடும்பத்தை உத்தேசித்துத்தான் அந்த வீட்டை எடுத்தோம். பொங்கல் விடுமுறை, தோட்டங்களில் காபிப் பழம் எடுக்கும் காலம்.

வீடு பெரிதல்ல. மங்களூர் ஓடு, சிவப்பு சிமென்ட் தரை, முன்பக்கம் நீளமாக ஒரு வராந்தா. கூடத்தில் புகைபோக்கி வைத்த கணப்பு அடுப்பு உண்டு. சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அதே நாளில் மேலே கணப்பைப் பற்றவைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். வராந்தாப் படி இறங்கியதும் காபிச் செடிகள் தொடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள், மரம் தவறாமல் மிளகுக்கொடி, நடுநடுவே ஆரஞ்சும் பலாவும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். இருநூறு ஆண்டுகளாக இங்கே நடந்துவரும் அந்த வேலையை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தபோதுதான் பாடப் புத்தகத்தின் அந்த ஒற்றை வரிக்கு அர்த்தம் கிடைத்தது.

காலையில் பனி விலகுவதற்குள் பழம் எடுக்கும் பெண்கள் வந்துவிடுவார்கள். இடுப்பில் ஒரு பை கட்டிக்கொண்டு, கிளையை வளைத்துச் சிவந்த பழத்தை மட்டும் பறித்துப் போடுவார்கள். பச்சைக் காய் அடுத்த சுற்றுக்கு. ஒரே கிளையில் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்பதால் கண்ணும் கையும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாலையில் மூட்டைகள் எடை போடும் இடத்துக்கு வரும்போது எங்கள் வீட்டுக் குழந்தைகளும் அங்கேதான் நிற்பார்கள். யாருடைய மூட்டை அதிகம் என்று தெரிந்துகொள்வதில் அவர்களுக்கு அத்தனை ஆர்வம்.

பழத்தை முதலில் தண்ணீரில் கொட்டுகிறார்கள். சொத்தையும் உள்ளீடில்லாத சாவிப் பழமும் மிதக்கும், நல்லது அடியில் தங்கும். பிறகு பல்பர் இயந்திரத்தில் தோல் நீக்கி, வழவழப்பான பசையோடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் புளிக்க விடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதில்லை. குளிர் அதிகமாக இருந்தால் நேரம் கூடும். மேஸ்திரி தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு, என் கையிலும் கொஞ்சம் போட்டார். வழுக்கிக்கொண்டு ஓடியது. "இன்னும் ஆகவில்லை, காலையில் வாருங்கள்" என்றார். மறுநாள் விடிந்ததும் போய் அதே தொட்டியிலிருந்து அள்ளித் தேய்த்தேன். இப்போது வழுக்கல் போய், நறநறவென்று உரசியது. அதன் பிறகுதான் கழுவிக் களத்தில் காயப்போட்டார்கள். பகலில் மரப்பலகையால் கிளறிவிடுகிறார்கள். பனி இறங்குவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். தினமும் இரண்டு வேளை காபி குடிக்கும் வீட்டில் வளர்ந்தும் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்தச் சுற்றுலா இடமும் இதைக் காட்டியிருக்காது.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியர் தோட்டத்திலேயே குடியிருக்கிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சமையல் அந்த அக்காவுடையது. முதல் நாள் நகரத்து விருந்தாளிகளுக்காகச் சப்பாத்தியும் குருமாவும் செய்து வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் என்ன சமையல் என்று அம்மா விசாரிக்க, மறுநாள் முதல் எங்களுக்கும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. ரசத்துக்குக் கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகைத் தட்டிப் போட்டிருந்தார். காய்ந்த மிளகின் காரம் தொண்டையில் நிற்கும், இது நாக்கிலேயே மணத்தோடு கரைந்துவிடும். சித்தப்பா ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். சேர்வராயன் கோயிலைப் பற்றியும் அந்த அக்காதான் சொன்னார். மலையின் உச்சியில் குகைக்குள் இருக்கும் கோயில்; மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்களெல்லாம் அங்கே கூடிவிடும். ஏரியோடு திரும்பிவிடும் எங்களுக்கு அந்தக் கோயிலுக்குப் போய் நிற்கும் எண்ணமே அதுவரை வந்ததில்லை. மறுநாள் எல்லோரும் போய்வந்தோம்.

இரவு அவர் விதித்த கட்டளை ஒன்றே ஒன்று. "இருட்டிய பிறகு கேட்டைத் தாண்டாதே கண்ணு, காட்டெருமை நடமாடும்." அதைச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, யாருமே இல்லாத வீட்டில் தங்கினால்தான் புரியும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றை நான் எடுப்பதே இல்லை.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டிலும் தங்கியிருக்கிறோம். கோடை விழாவும் மலர்க்காட்சியும் நடக்கும் மே மாதம். ஏரிக்கும் அண்ணா பூங்காவுக்கும் நடந்தே போகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஹாரன் சத்தமும் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியும் நள்ளிரவு வரை ஓயவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மலைக்குக் கீழேயும் எனக்குப் பிடித்த வீடு ஒன்று உண்டு. அத்தை மகள் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களுக்காக அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள். மாம்பழக் காலம். வீட்டுக்காரப் பாட்டி ஒவ்வொரு நாள் காலையிலும் மல்கோவாப் பழங்களை ஒரு தட்டில் அடுக்கிப் பேரனிடம் கொடுத்து அனுப்புவார். தாம்பூலப் பை போடும் வேலைக்கும் அவராகவே மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். இரவு வெக்கையில் எல்லோரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். ஓட்டலில் அறை போட்டிருந்தால் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டிருப்போம். பெரியப்பாவும் மாமாவும் அன்று விடிய விடியப் பேசியது நடந்திருக்காது. அவர்களுக்குள் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஏற்காட்டில் வீடு எடுக்க நினைப்பவர்கள் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் செய்து பேசுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அங்கேயே குடியிருக்கிறாரா, தோட்டத்தில் வேலை நடக்கிறதா, அவர்கள் சாப்பிடுவதையே நமக்கும் சமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கிலோமீட்டர் தார்ச்சாலையா மண்பாதையா என்பதையும் அவசியம் கேளுங்கள். தோட்டப் பாதைகளில் தாழ்வான கார்களின் அடி தட்டும். கரண்ட் போனால் வெந்நீருக்கு என்ன வழி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் விறகு பாய்லர் இருந்தது, கவலையே இல்லை.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மலை அப்போது பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் செடிகளுக்குள் நடந்தால் அட்டை ஏறும்; உப்பு கையில் இருக்கட்டும். பெருமழை அறிவிப்பு வந்தால் வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஏற வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருந்தாலும், அப்படிப்பட்ட நாளில் இரண்டையுமே நம்ப முடியாது.

பழம் எடுப்பைப் பார்க்க டிசம்பர், ஜனவரியில் போகலாம். காபிப் பூவைப் பார்க்க வேண்டும் என்றால் நாட்காட்டி உதவாது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒரு நல்ல அடி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை ஒத்த மணம் வீட்டுக்குள்ளேயே வரும். மூன்று நான்கு நாட்களில் வாடிவிடும். அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மழை பெய்தால் தகவல் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அக்கா எங்களுக்கு அப்படித்தான் சொல்கிறார். வார நாளாக இருந்தால் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அந்த நாட்களில் வீடும் பெரும்பாலும் காலியாகவே கிடைக்கிறது.